கோணல் ஹாலில் சோபா எங்கே, பாய் எங்கே? - ராமநாதபுரம் கடலோர வீடுகளுக்கு ஒரு கணக்கு

கல்யாணச் சீரில் வந்த சோபா செட் வேனில் இருந்து இறங்கும்போதுதான் ஹாலின் உண்மையான அளவு பல வீடுகளில் தெரியவருகிறது. மூன்று பேர் உட்காரும் பெரிய சோபா ஒன்று, ஒற்றை இருக்கை இரண்டு, நடுவில் வைக்கக் கண்ணாடி டீப்பாய், அதற்கடியில் விரிக்கப் பூப்போட்ட கார்ப்பெட். கடையில் பார்த்தபோது அடக்கமாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் வந்ததும் சுவிட்ச் போர்டை மறைக்கிறது, உள் அறைக் கதவு பாதிதான் திறக்கிறது, சமையலறைக்குப் போக உடம்பை ஒருக்களிக்க வேண்டியிருக்கிறது. ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை என இந்தக் கரை நெடுக இது நிறைய வீட்டுக் கதை.

தப்பு சோபாவின் மேல் மட்டும் இல்லை. ஹாலே நேராக இல்லை. அதோடு வெளியே கடல் இருக்கிறது. சென்னை அபார்ட்மென்ட்டுக்காக எழுதப்பட்ட யோசனைகளும், இன்ஸ்டாகிராமில் பார்க்கிற படங்களும் இங்கே பாதிக்கு மேல் வேலைக்கு ஆகாததற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

ஹால் ஏன் கோணலாகிறது?

பழைய ஊர்களில் மனை தெருவைப் பார்த்து அகலம் குறைவாகவும், பின்னால் நீளமாகவும் இருக்கும். ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தாலே இது தெரியும். அப்படிப்பட்ட மனையில் கட்டிய வீட்டுக்கு முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் அடுப்படி இருந்தவரை கோணல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிறகு திண்ணைக்கு கிரில் போட்டு உள்ளே சேர்த்தார்கள். முற்றத்துக்கு மேல் தளம் ஒட்டினார்கள். மாடிப்படியை வீட்டுக்குள்ளேயே ஏற்றினார்கள். தெருப் பக்கத்தில் ஒரு கடையை எடுத்து வாடகைக்கு விட்டார்கள். மீதி இருப்பதுதான் இன்றைய ஹால். ஒன்று ரயில் பெட்டி மாதிரி நீளம், இல்லையென்றால் 'ட' எழுத்து மாதிரி ஒரு மடிப்பு, அதிலும் நடுவில் ஒரு தூண்.

இன்னொரு காரணம் பாகம். அண்ணன் தம்பி பிரித்துக்கொள்ளும்போது சுவர் நடு ஹாலில் ஏறும். கீழக்கரையில் கதை கொஞ்சம் வேறு. அங்கே கல்யாணத்துக்குப் பிறகு பெண் மாமியார் வீட்டுக்குப் போவதைவிட, உம்மா வீட்டிலோ அதை ஒட்டிக் கொடுக்கும் வீட்டிலோ இருப்பது பழைய வழக்கம். காயல்பட்டினத்திலும் அப்படித்தான். இரண்டு மகள் இருந்தால் வீடு இரண்டாகப் பிரியும், மூன்று இருந்தால் மூன்றாகும். அந்த வழக்கத்தால் ஒரு நன்மை, பெண்ணுக்குச் சொந்தமாகக் கூரை இருக்கிறது. அதன் ஓரத்து விளைவு, ஒவ்வொரு பங்கிலும் நாலு கதவு உள்ள ஒரு விநோத ஹால்.

கதவுகள்தான் உண்மையான சிக்கல். வடிவம் எப்படி இருந்தாலும் சமாளித்துவிடலாம். ஆனால் வாசல், அடுப்படி, படிக்கட்டு, பாத்ரூம், உள் அறை என்று ஐந்து திசைக்கும் ஆள் போகிற இடத்தில் எதையும் சும்மா போட முடியாது.

முதலில் வழி, அப்புறம் நாற்காலி

வீட்டு அலங்காரப் புத்தகங்கள் டிவி எங்கே என்பதில் தொடங்கும். இங்கே தொடங்க வேண்டிய இடம் நடக்கிற வழி. ஒரு துண்டு கோலப்பொடி போதும். வீட்டில் உள்ளவர்கள் ஒருநாள் முழுக்க எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்து, வாசலில் இருந்து அடுப்படிக்கும், படுக்கும் இடத்தில் இருந்து பாத்ரூமுக்கும் தரையில் கோடு போட வேண்டும். கோட்டுக்கு 3 அடி அகலம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருவர் இடிக்காமல் போக அந்த அளவு வேண்டும். நாளைக்கு வீட்டில் யாருக்காவது வாக்கரோ சக்கர நாற்காலியோ தேவைப்பட்டாலும் அதே 3 அடிதான் குறைந்தபட்சம். அந்தக் கோடுகளுக்குள் சோபாவும் வரக்கூடாது, கார்ப்பெட்டும் வரக்கூடாது. மிச்சம் இருப்பதே உட்காரும் இடம்.

கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். 'ட' வடிவ ஹாலின் நீளமான பகுதி 20 அடிக்கு 10 அடி என்று வைத்துக்கொள்வோம். சோபாவின் ஆழம் 3 அடி. எதிரே போடும் ஒற்றை இருக்கைக்கும் 3 அடி. நடுவில் 2 அடி டீப்பாய். மொத்தம் 8 அடி போய்விட்டது. மீதியுள்ள 2 அடி டீப்பாயின் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஓர் அடியாகப் பிரியும். உட்கார்ந்தவர் காலை நீட்டினால் டீப்பாய், எழுந்தால் எதிரே இருப்பவர் முழங்கால். நடக்க வழியே இல்லை. கடைக்காரர் தந்த செட்டை அப்படியே கடையில் இருந்தபடி போட்டால் கிடைப்பது இதுதான்.

செட் என்றால் சேர்த்தே போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெரிய சோபாவை நீளச் சுவரை ஒட்டிப் போட்டு, ஒற்றை இருக்கை இரண்டையும் 'ட'வின் சின்ன மடிப்புக்குள் தள்ளிவிட்டால் அங்கே பிள்ளைகள் படிக்கவோ பெரியவர் பேப்பர் பார்க்கவோ தனி இடம் ஒன்று கிடைக்கிறது. நீளப் பகுதியில் இப்போது சோபாவுக்கு 3 அடி, கால் நீட்ட ஒன்றரை அடி, நடக்க 3 அடி. எதிர்ச் சுவரோரம் இன்னும் இரண்டரை அடி மிச்சம். அதில் ஒன்றரை அடி அகலத்தில் சாதாரண மரப் பெஞ்ச் போடலாம். விருந்தாளி கூடும்போது நாலு பேர் உட்காருவார்கள், மற்ற நாளில் அடியில் அரிசி மூட்டை இருக்கும். டீப்பாயை எடுத்துவிட்டு, தூக்கி நகர்த்தக்கூடிய முக்காலி ஒன்று வைத்தால் காபிக்கு அது போதும்.

சோபா வாங்கும் முன்பே அதன் அளவில் பழைய பேப்பர்களை ஒட்டித் தரையில் விரித்து ஒரு நாள் விட்டுப் பார்ப்பது நல்லது. காலையில் எழுந்த அரைத் தூக்கத்தில் எத்தனை பேர் அதை மிதித்துக்கொண்டு போகிறார்கள் என்பதே பதில்.

ரயில் பெட்டி ஹாலுக்கும் இதே முறைதான். ஆனால் வழியை நடுவில் விடாமல் ஒரு பக்கச் சுவரோரம் ஒதுக்க வேண்டும். நடுவில் விட்டால் இரண்டு பக்கமும் பஸ் ஸ்டாண்ட் மாதிரி ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து நடுவில் ஆள் போய்க்கொண்டே இருப்பார்கள், பேச்சு ஓடாது. தூண் இருக்கிற ஹாலில் தூணை மறைக்கப் பார்ப்பது வீண். அதை ஒட்டிப் பெஞ்சையோ பிள்ளைகளின் புத்தக அலமாரியையோ போட்டால் தூண் தானாக ஒரு எல்லையாகிவிடும்.

ஜன்னல் பக்கம் கொஞ்சம் கவனம் வேண்டும். இந்தக் கரையில் கச்சான் காலம், வாடைக் காலம் என்று காற்றை வைத்தே ஆண்டைப் பிரிப்பவர்கள் மீனவர்கள். எந்தக் காற்றில் ஆண்கடல் கொந்தளிக்கும், எதில் பெண்கடல் என்று அவர்களுக்கு அத்துப்படி. வீட்டுக்கும் அதே கணக்கு உதவும். மே மாதப் புழுக்கத்தில் எந்த ஜன்னலில் காற்று நுழைகிறதோ அதன் முன்னால் உயரமான முதுகு உள்ள சோபாவோ பீரோவோ நிற்கக்கூடாது. ஏசி பில்லில் இதன் வித்தியாசம் தெரியும்.

அப்பத்தா விழுந்தால்?

இது வெறும் அழகு விவகாரமாக இருந்தால் இத்தனை அளவு தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கீழே விழுந்து ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் உலகம் முழுவதும் உயிரிழக்கிறார்கள். தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதிலும் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். விழுவதற்கு மொட்டை மாடி தேவையில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு லைட் போடாமல் பாத்ரூமுக்கு எழுந்து போகும் அப்பத்தாவின் கால், மடங்கியிருக்கும் கார்ப்பெட் முனையில் தட்டினால் போதும். இடுப்பு எலும்பு முறிந்தால் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம்.

ஆகவே விரிப்பு எதுவானாலும் நடை வழியைக் குறுக்கே தாண்டக் கூடாது. 'ட' வடிவ ஹாலுக்குப் பெரிதாக ஒரே விரிப்பு வாங்குவதைவிட, ஒவ்வொரு பகுதிக்கும் சின்னதாக ஒன்று என இரண்டு வாங்குவது மேல். இரண்டுக்கும் நடுவில் வெறும் தரை தெரிய வேண்டும். அந்தத் தரைதான் வழி. டைல்ஸ் தரையில் எந்த விரிப்பும் வழுக்கும், பிளாஸ்டிக் பாய் ரொம்பவே வழுக்கும். விரிப்புக்கு அடியில் போட ரப்பர் வலை கிடைக்கிறது. ஆனால் அதை மாதக்கணக்கில் எடுக்காமல் விட்டால் தரையில் கறை பிடிக்கும். வாரம் ஒருமுறை தூக்கிப் பெருக்கியாக வேண்டும். சோபாவின் முன்னங்கால்கள் விரிப்பின் மேல் அரை அடி ஏறி நிற்கும்படி போட்டாலும் நகராது.

கார்ப்பெட் ஏன் எப்போதும் நசநசவென்று இருக்கிறது?

இங்கே பலருக்கும் உள்ள சந்தேகம் இது. மழையே இல்லாத நாளிலும் கார்ப்பெட்டில் கை வைத்தால் ஈரம் தெரியும், ஒரு மாதிரி வாடை வரும். காரணம் உப்பு. கடற்காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்கள் வந்து துணியில் தங்குகின்றன. சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றில் இருக்கும் நீரைத் தானே இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடலோரத்தில் பல மாதங்கள் காலை நேரத்தில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டியே நிற்கும். அதாவது, உப்பு ஏறிய கார்ப்பெட் ஒரு பெரிய உப்பு ஜாடி.

அந்த உப்பு என்ன செய்யும் என்பதைப் பாம்பன் பாலத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் துருவோடு நடந்த சண்டை ஓயவே இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்ஸேன் என்ற சிறப்புப் பூச்சும் தேவைப்பட்டன. பாலத்துக்கே இப்படி என்றால் பீரோவின் கால் எம்மாத்திரம்.

உயரமான நூல் முடிகள் கொண்ட கார்ப்பெட்டில் உப்பு மட்டும் தங்குவதில்லை. செருப்போடும் காலோடும் வரும் கடல் மணல் அடியில் இறங்கி, மிதிக்க மிதிக்க நூலை அறுக்கும். தூசிப் பூச்சி எனப்படும் கண்ணுக்குத் தெரியாத உயிரிகளுக்கும் ஈரமான கார்ப்பெட் வசதியான வீடு. வீட்டில் வீசிங் உள்ள பிள்ளை இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே அதை வாங்காமல் இருக்கலாம்.

'துவைச்சா போச்சு' என்று தோன்றும். எந்தத் தண்ணீரில்? மாவட்டத்தின் கரையோரக் கிணறும் போரும் பெரும்பாலும் உவர். குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையும் விலைக்கு வரும் குடத்தையும் நம்பியிருக்கிற ஊரில், எட்டடி கார்ப்பெட்டை நல்ல தண்ணீரில் அலசுவது நடக்கிற காரியமா? உவர் நீரில் அலசினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு நூலிலேயே நிற்கும், மறுபடியும் ஈரத்தை இழுக்கும். துவைக்கத் துவைக்க மோசமாகும் ஒரே சாமான் அதுதான்.

அப்படியானால் என்ன விரிக்கலாம்? ஒருவரே தூக்கி, உதறி, கொடியில் போடக்கூடியது எதுவோ அது. தட்டையான நெசவு, மெல்லிய உடல், அரை நாளில் காயும் குணம். தமிழ்நாட்டிலேயே நெய்யும் பல விரிப்புகள் இந்தச் சோதனையில் தேறுகின்றன என்பது ஆச்சரியம் இல்லை. அவை இந்த வெயிலுக்கும் தரைக்கும் என்று வந்தவை.

தினசரி மிதிபடும் இடத்துக்குப் பொருத்தமானது பவானி ஜமக்காளம். காவிரியும் பவானியும் கூடும் ஈரோடு மாவட்ட ஊரில், தடித்த பருத்தி நூலில், கைத்தறியில் நெய்வது. புவிசார் குறியீடு உண்டு. கோடுகள் அறைக்குக் குறுக்கே போகும்படி விரித்தால் ரயில் பெட்டி ஹால் கொஞ்சம் அகலமாகத் தெரியும், நீளவாக்கில் போட்டால் இன்னும் நீளும். சோபா கால் ஏறினாலும் தாங்கும். வாங்கும்போது ஒரு விஷயம்: 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட 11 பொருள்களில் ஜமக்காளமும் ஒன்று. விசைத்தறியில் நெய்ததை அந்தப் பெயரில் தள்ளிவிடுகிறார்களா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கூட்டுறவுச் சங்கக் கடைகளில் வாங்கினால் அந்தக் கவலை குறையும்.

உட்கார, படுக்க என்றால் கோரைப் பாய். திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, கீறி, பருத்தி நூல் பாவில் நெய்யும் பாய் ஊரறிந்தது. 1953இல் இரண்டாம் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து ஒரு பாய் போனதை அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். அந்த மெல்லிய பட்டுப் பாயை ஹாலில் போட்டு மிதிக்க வேண்டாம். சாதாரண ரகம் போதும். கோரை உடம்புச் சூட்டைத் தேக்காது, மணல் உதறினால் போய்விடும். ஆனால் சோபா காலை அதன்மேல் வைத்தால் கோரை நொறுங்கும். மடிக்கவும் கூடாது, சுருட்டித்தான் வைக்க வேண்டும்.

பக்கத்திலேயே இருப்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ராமநாதபுரம் பனை நாடு. சாயல்குடி வட்டாரம் பனைத் தொழிலுக்கே பெயர்போனது. மிளகாய் காயப்போடவும் கருவாடு உலர்த்தவும் மட்டும் என்று ஓலைப் பாயை வெளியே ஒதுக்கிவிட்டோம். ஓரம் சரியாக முடைந்த ஓலைப் பாய், ஹாலின் சின்ன மடிப்புக்கோ கிரில் போட்ட திண்ணைக்கோ நன்றாகப் பொருந்தும். கூர் முனை குத்தும் என்பது ஒரு குறை. ஓரத்தில் துணிப் பட்டி வைத்துத் தைத்தால் சரியாகும். வேண்டிய அளவைச் சொல்லி முடையச் சொல்லலாம் என்பது இதில் பெரிய வசதி. கோணல் மூலைக்கு ஆயத்த கார்ப்பெட் எந்தக் கடையிலும் கிடைக்காது.

பிளாஸ்டிக் பாய் விலை குறைவு, தண்ணீர் பட்டாலும் கவலை இல்லை. மறுக்க முடியாது. ஆனால் வழுக்குவதோடு வேர்வையையும் உறிஞ்சாது, வெயிலில் கிடந்தால் நொறுங்கித் துகளாகும். வாசலில் மட்டும் தேங்காய் நார் மிதியடி ஒன்று தடிப்பாக இருக்கட்டும். மணல் உள்ளே வருவதில் பெரும்பகுதி அங்கேயே நிற்கும்.

கால் உள்ளதா, பெட்டி மாதிரியா?

சோபா, கட்டில், டிவி ஸ்டாண்ட் எதுவானாலும் தரையோடு ஒட்டிய பெட்டி வடிவில் வாங்குவதைவிட, அரை அடியாவது காலில் நிற்பதை வாங்குவது இங்கே உத்தமம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, தாழ்வான இடங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை மறந்திருக்க முடியாது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஒருமுறை ஊறினால் அப்பளம் மாதிரி உப்பும், திரும்பாது. வேம்போ தேக்கோ நனைந்தாலும் காயும். ஸ்டீல் கால் என்றால் எந்த ரகம் என்று கேட்க வேண்டும். 316 என்ற ரகம் உப்பைத் தாங்கும், விலை மலிவான 200 வரிசை ரகங்களில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். இரும்பு பீரோவைச் சுவரில் இருந்து இரண்டு விரல் தள்ளி, மரக்கட்டை மேல் ஏற்றி வைத்தால் பின்பக்கம் காற்று ஓடும்.

கடைசியாக ஒரு கணக்கு. இந்த ஊர்களில் ஹால் என்பது டிவி பார்க்கிற இடம் மட்டுமில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் வீடுகளில் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். தங்கச்சிமடத்தில் கிறிஸ்துமஸுக்கு, கீழக்கரையில் பெருநாளுக்கு வளைகுடாவில் இருந்து ஆள் வரும். அத்தனை பேரும் ஹாலில்தான் படுப்பார்கள். ஓர் ஆளுக்கு 6 அடிக்கு இரண்டரை அடி வேண்டும். பெரிய சோபா போக 7 அடி அகலம், 15 அடி நீளம் காலியாக இருந்தால் 6 பேர் வரிசையாகப் படுக்கலாம். எதிரே இரண்டு ஒற்றை சோபாவும் அசைக்க முடியாமல் நின்றால் அதே இடத்தில் 3 பேர்தான். மற்ற மூன்று பேர் மாடியில், அல்லது 'பக்கத்து லாட்ஜ்ல ரூம் போட்டுக்கிறோம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

எனவே அந்த ஆறு பாயும் நின்று கொள்ள ஓர் இடம் ஹாலிலேயே வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் உள்ள முக்கோண மூலை அதற்கென்றே அமைந்தது. மேலே ஒரு கயிறு கட்டி, சுருட்டிய பாய்களைத் தரையில் படாமல் நிறுத்தி வைத்தால் ஈரமும் ஏறாது, கரையானும் வராது. வயதானவர்களின் பாயை மட்டும் பாத்ரூம் பக்கத்து ஓரத்தில் விரிக்க வேண்டும், யாரையும் தாண்டாமல் எழுந்து போக.